சேதமில்லாத சாத்துக்குடி

எண்பதுகளின் நடுவில், தாம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் நர்ஸிங் மாணவி. நான் படித்திருந்த நாவல்களில் நர்ஸ் நெற்றியில் கை வைத்ததுமே காய்ச்சல் இறங்கிவிடும். ஊசி போடுவதைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. ஆகவே சாத்துக்குடியிடம் கற்றுக்கொண்டேன்.

எல்லோருக்கும் அதுதான் வழி. ஆளுக்கொரு சாத்துக்குடி, கொதிக்கவைத்த கண்ணாடி சிரிஞ்ச், அதில் வெறும் தண்ணீர். வகுப்பெடுத்த சிஸ்டர் சொன்னது இரண்டே விஷயம்: "ஊசி சட்டுனு உள்ள போகணும். மருந்து மெதுவா போகணும்." அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். ஆனால் வகுப்பு முடிந்ததும் பழம் குத்தியவருக்கே சொந்தம். விடுதிச் சாம்பார் சாப்பிட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சட்டென்று குத்தினால் தோல் கிழிந்து சாறு ஒழுகும். தண்ணீரை முழுதும் ஏற்றினால் பழம் சப்பென்று ஆகிவிடும். எனவே நான் ஊசியை நோகாமல் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்து, துளித் தண்ணீரைப் பீச்சிவிட்டு உருவிக்கொள்வேன். வகுப்பிலேயே சேதமில்லாத பழம் என்னுடையதுதான்.

பிறகு வார்டு. பத்து ஊசிக்கு வார்டு சிஸ்டரின் கையெழுத்து இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். ஒன்பது பேர் பல்லைக் கடித்துக்கொண்டு எனக்கு உதவிவிட்டார்கள். மறுநாள் நோட்டை ஒப்படைக்க வேண்டும். மிச்சமிருந்தது ஒரே படுக்கை: பம்மலில் தோல் கம்பெனியில் வேலை பார்த்த ஓர் அம்மா. காசநோய்க்கு இரண்டு மாதமாகத் தினம் ஊசி. யார் கை எப்படி என்பது அவருக்கு அத்துப்படி.

"கண்ணாடி போட்ட பொண்ணா? வேணாம் சிஸ்டர். பக்கத்து பெட்டுக்குப் போட்டப்போ பாத்துகினுதானே இருந்தேன். ஊசி எறக்குதா, கோலம் போடுதான்னே தெரில."

"எப்படிக் குத்துன? காட்டு" என்றார் வார்டு சிஸ்டர்.

காற்றில் குத்திக் காட்டினேன். பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிட்டது.

"சாத்துக்குடிய தின்னியா?"

"ஆமா சிஸ்டர்."

"நானும்தான் தின்னேன். ஆனா கிழிச்சிட்டுத் தின்னேன்."

அந்த அம்மா இருமி இருமிச் சிரித்தார். "அடிப்பாவி! பழத்துக்குப் பாவம் பாத்துகினு எங்கள குத்திக் கொன்னியா? சரி வா. ஒரே தபா. வலிச்சுது, வார்டையே கூட்டிடுவேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இடுப்புக்குக் கீழே மனத்துக்குள் ஒரு கூட்டல் குறி போட்டு, நாலு கட்டத்தில் மேலே வெளிப்பக்கத்துக் கட்டத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். அந்த எல்லையைத் தாண்டினால் பெரிய நரம்பு, கால் போய்விடும். இனி யோசித்தால் கை நின்றுவிடும் என்று தோன்றியது. குத்தினேன். ஊசி முழுதும் உள்ளே. சற்றுப் பின்னிழுத்து, ரத்தம் வரவில்லை என்று பார்த்து, மருந்தை மெதுவாக ஏற்றினேன்.

கத்தவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

"மருந்து எரியத்தான் எரியுது. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?" பிறகு சிஸ்டரிடம், "போட்டுக் குடு சிஸ்டர் கையெழுத்த. பொண்ணு அழுதுடப் போவுது."

சிஸ்டர் போட்டார்.

அன்று மாலையும் வழக்கமான பயிற்சி வகுப்பு. என் சாத்துக்குடி நாலு இடத்தில் ஒழுகியது. தின்று பார்த்தேன். சப்பென்றுதான் இருந்தது.