அடுத்தவன் ஜெயிக்க மிதித்த காலம்

ஒருநாள் சைக்கிள் பந்தயத்தில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே கிடையாது. காலையில் கிளம்பி நூறு மைல் மிதித்து, சாயங்காலத்துக்குள் ஜெயித்தால்தான் உண்டு. தொண்ணூறுகளில் அமெரிக்காவில் அதுதான் எனக்குச் சோறு போட்டது. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். தூத்துக்குடியில் சைக்கிளில் மீன்கூடை கட்டி ஓட்டிய கால்கள் இவை. அக்கா நர்ஸாக இருந்த நியூஜெர்சிக்கு வந்து, ஒரு சின்ன அணியில் சம்பளத்துக்குச் சேர்ந்தேன்.

அணியில் ஜெயிக்க வேண்டியவன் கேப்டன் கெவின் ஒருவன்தான். மற்றவர்கள் அவனுக்கு முன்னால் ஓட்டிக் காற்றை மறைக்க வேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஒரே ஒரு பந்தயமாவது நானே ஜெயிக்க வேண்டும் என்பது என் வெறி. மேனேஜர் டாம் ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம் உனக்கு ஒன்று விட்டுத் தருகிறேன்" என்பான். வேலை ஒருவனுக்கும் மாலை ஒருவனுக்குமாகப் போகும் இடத்தில் நீங்களும் இருந்திருந்தால், மேலே படியுங்கள்.

என்ன வேலை?

பிளெய்ன்ஸ்பரோ சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் அக்காவும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். முந்தின நாள் பந்தயத்தில், மழையில் வழுக்கி விழுந்து முழங்கையெல்லாம் கட்டு. சென்னைக்கார டாக்டர் அங்கிள் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"தம்பி என்ன பண்றீங்க?"

"சைக்கிள் ஓட்டுறேன் அங்கிள்."

"வெரி குட், ஹெல்த்துக்கு நல்லது. வேலை?"

"அதுதான் வேலை."

அக்கா என் காலை மிதித்தாள். அங்கிள் என் கைக்கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கிரீன் கார்டு வந்துடுச்சுல்ல? அப்புறம் ஏன் தம்பி இன்னும் கார் வாங்கல?" என்றார்.

தண்ணீர் சுமந்தது

பிளசன்டன் பக்கத்து மலைப்பாதையைப் பல தடவை சுற்றிவரும் ஒரு பந்தயம். கெவினுக்குத் தாகம். கூட்டத்தின் பின்னால் வரும் எங்கள் காரில் தண்ணீர் வாங்க, நான் மிதிப்பதை நிறுத்தி மெல்லப் பின்வாங்கினேன். சாலையோரத்தில் நின்ற ஒரு தமிழ்ப் பெண் என் முகத்தைப் பார்த்ததும் குதித்தாள். "அண்ணா! நிக்காதீங்க, எல்லாரும் தாண்டிப் போறாங்க, மிதிங்க அண்ணா!"

விளக்கம் சொல்ல நேரம் ஏது? பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, வயிறு புடைக்க அந்த ஏற்றத்தில் எல்லோரையும் துரத்திப் பிடித்தேன். அடுத்த சுற்றில் அதே இடம், அதே பெண், மறுபடி நான் பின்வாங்குகிறேன். அவளுடைய புருஷன் ஆறுதலாகச் சொன்னது காதில் விழுந்தது: "விடும்மா, பாவம், சுகர் இருக்கும்போல."

சக்கரம் கொடுத்தது

அதே பந்தயத்தின் கடைசி ஏற்றம். முன்னால் ஆறு பேர்தான் மிச்சம். அதில் நானும் கெவினும். அன்றைக்கு என் கால்கள் பறந்தன! அப்போது பார்த்து கெவினின் முன்சக்கரம் பஞ்சர். கார் வெகு பின்னால். பக்கத்தில் இருக்கும் அணிக்காரன் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். கொடுத்தேன். அவன் போய் ஜெயித்தான். நான் ஒற்றைச் சக்கர வண்டியைப் பிடித்துக்கொண்டு, காருக்காகச் சாலையோரத்தில் நின்றேன்.

மேடையில் அவன் தன் அம்மாவுக்கு நன்றி சொன்னான், மெக்கானிக்குக்குச் சொன்னான், வானிலைக்குக்கூடச் சொன்னான். இறங்கி என்னிடம் வந்தான். ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். "உன் சக்கரத்தில் ஏதோ சத்தம் வருகிறது, சரிபார்த்து வை" என்றான்.

ரவுண்ட் ராக்

டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம். அடுத்த வருஷம் என்னை எடுக்கப்போவதில்லை என்று டாம் அன்று காலையில்தான் சொன்னான். பாதி தூரத்தில் நானும் ஒரு கொலம்பியாக்காரனும் கூட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடினோம். பக்கவாட்டில் அனல் காற்று. ஆளுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் ஓட்டி, காற்றை மறைத்துக்கொண்டு பறந்தோம். திரும்பிப் பார்த்தால் சாலை காலி!

டாம் காரை என் பக்கத்தில் கொண்டுவந்து கத்தினான்: "நில்! கெவின் வருகிறான், அவனுக்காக நில்!"

"பின்னால் யார் துரத்துவது?"

டாம் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான். கொலம்பியாக்காரன் திரும்பிப் பார்த்து, என் சட்டையைத் தொட்டுக் காட்டினான். துரத்தி வருகிறவனுக்கும் அதே நிறச் சட்டை. கெவினேதான்! முன்னால் ஓடும் சொந்த அணிக்காரனைத் துரத்திப் பிடிப்பது எங்கள் தொழிலில் சோற்றில் மண் போடுவது மாதிரி.

அதற்கப்புறம் எனக்கு வலி தெரியவில்லை. கடைசி வளைவில் கொலம்பியாக்காரனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, கோடு தெரிந்ததும் பாய்ந்தேன். அரைச் சக்கரம்! அரைச் சக்கர தூரத்தில் ஜெயித்தேன்! கையைத் தூக்கக்கூட மறந்து ஓவென்று கத்தினேன்.

மூன்றாவதாக வந்த கெவின் ஹெல்மெட்டைத் தரையில் வீசினான். "நீ மட்டும் நின்றிருந்தால் இன்றைக்கு நம் அணி ஜெயித்திருக்கும்" என்றான்.

அவனுக்காக நான் மிதித்த பந்தயங்கள் ஒருவனுக்கும் ஞாபகமில்லை, எனக்காக மிதித்த அந்த ஒன்றை மட்டும் அவர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை, நானும் அவர்களை மன்னிப்பதாக இல்லை.