ஜைனியின் முழங்கால்

ஜைனியைப் போல உயரமான ஆள் எங்கள் சந்தில் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வரவில்லை. சந்தையில் மூட்டை தூக்குகிற வேலை. காலையில் நிலைப்படியில் ஒருமுறை தலையை இடித்துக்கொள்ளாமல் அவர் வேலைக்குப் போனதில்லை. மனைவி ரோதியா எல்லாப் பெண்களையும் போல அளவான உயரம். கல்யாணத்தில் படமெடுக்க வந்தவர் இருவரையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கப் பார்த்துவிட்டு, கடைசியில் மாப்பிள்ளையை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

ஜகார்த்தாவில் ஆற்றை ஒட்டிய சந்து இது. மழைக்காலத்தில் ஆறு வீட்டுக்குள்ளேயே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். ஏழு வருடத்துக்கு முன்பு, வெள்ளத்தை அளந்து கைபேசி வழியே அனுப்பத் தொண்டர்கள் வேண்டுமென்று ஓர் அமைப்பு கேட்டது. ஒவ்வொரு சந்திலும் ஒருவர் சேர்ந்தார். எங்கள் சந்துக்கு ரோதியா. தினமும் காலையில் தேங்காய்ப்பால் சோறு விற்கிறவள். ஊர் வம்பெல்லாம் அவள் கடையைத் தாண்டித்தான் போகும், தண்ணீர்ச் செய்தியும் போகட்டுமே என்றார்கள்.

செயலியில் ஒரு மனித உருவம் இருக்கும். தண்ணீர் எதுவரை நிற்கிறதோ அங்கே தொட வேண்டும்: கணுக்கால், முழங்கால், தொடை, இடுப்பு. இந்த ஊரில் வெள்ளத்தை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், அதனால் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ரோதியாவுக்குத் தண்ணீரில் பாம்பு வருமென்று பயம். ஆகவே இறங்குவது ஜைனியின் வேலையாயிற்று. தொழுகைக்கூட வாசலில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"எதுவரைக்கும், பாங்?" என்பாள் ரோதியா. பாங் என்றால் அண்ணன்; இங்கே கணவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"முழங்கால்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. போன தடவை தொடைன்னீங்க, நான் தொட்டப்புறம் இல்லைன்னீங்க."

"கால் என்னோடது. எனக்குத் தெரியாதா? சந்தேகம்னா நீயே எறங்கு."

அவள் இறங்க மாட்டாள். ஆறு மழைக்காலம் அவர் நின்றார், அவள் திண்டாடித் திண்டாடிக் கைபேசியைத் தொட்டாள். காய்ச்சலோடு ஒருமுறை இரண்டு நாள் நின்றிருக்கிறார்.

போன வருடம் ஜைனிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதிதான் வரும். இந்த மழைக்கு ரோதியாவே கடவுளை வேண்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பாம்பு வரவில்லை.

மழை ஓய்ந்ததும் அமைப்பிலிருந்து லாரஸ் என்ற பெண் கூப்பிட்டாள். அவளுக்கு ரோதியா 'இபு', அதாவது அம்மா; ரோதியாவுக்கு அவள் 'நெங்', சின்னப் பெண்.

"இபு, இந்த வருஷம் நீங்க அனுப்புனது பக்கத்துச் சந்தோட சரியா ஒத்துப்போகுது. ஆனா அதுக்கு முந்தின ஆறு வருஷமும் உங்க சந்துல மட்டும் தண்ணி குறைச்சலா காட்டுது. தண்ணி எல்லா எடத்துலயும் சமமாத்தானே நிக்கும்?"

"என்ன சொல்ல வர்ற, நெங்?"

"கோவிச்சுக்காதீங்க. பழசை நம்ப முடியாதுன்னு இங்க சொல்றாங்க. வெள்ளிக்கிழமை அழிச்சிடுவாங்க."

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஜைனிக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

"நான்... நின்னேனே" என்றார்.

முப்பது வருடம் அவர் மூட்டை சுமந்ததை எங்கும் யாரும் எழுதிவைக்கவில்லை. அவர் செய்ததென்று எழுத்தில் இருந்தது இந்த ஒன்றுதான். அன்று அவர் சாப்பிட வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், அடுத்த மழைக்குத் தனக்கு ஆகுமென்று அவருடைய பழைய கால்சட்டையைச் சுருக்க எடுத்தாள். விளிம்பு தரையைத் தொடும்படி உடம்போடு சேர்த்துப் பிடித்தாள். முழங்கால் தேய்ந்து வெளுத்திருந்த இடம் அவளுடைய தொடையில் வந்து நின்றது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள்.

"காலை நீட்டுங்க, பாங்."

"எதுக்கு?"

"கேள்வி கேக்காதீங்க."

குதிகாலிலிருந்து முழங்காலுக்கு ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். அவளுடையது நாற்பத்தைந்து. கணுக்கால், தொடை, இடுப்பு என்று எல்லாவற்றையும் அளந்தாள். ஒரு வருடத்தில் அவர் சதையெல்லாம் கரைந்துபோயிருந்தது. நீளம் மட்டும் துளிகூடக் குறையவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எண்களை எழுதி லாரஸைக் கூப்பிட்டாள்.

"அவரு பொய் சொல்லல, நெங். அவரு ஒசரம். அவருக்கு முழங்கால்னா எனக்குத் தொடை."

லாரஸ் எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். "செயலிப் படத்துல இருக்குற ஆளுக்கு முழங்கால் நாப்பத்தஞ்சுதான், இபு" என்றாள் பிறகு. "நீங்க அளந்த வித்தியாசத்தை ஒவ்வொண்ணுக்கும் கூட்டிட்டா எல்லாமே பக்கத்துச் சந்தோட சரியா வந்துடும். எதையும் அழிக்க விடமாட்டேன். அளந்த கருவியைப் பத்தி ஒரு படிவம் மட்டும் அனுப்புறேன், நெரப்பிடுங்க."

படிவம் கைபேசியில் வந்தது. ரோதியா கட்டிலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். கருவியின் பெயர் என்ற இடத்தில் ஜைனி என்று எழுதினாள். உயரங்களை எழுதினாள். அடுத்தது கருவியின் தற்போதைய நிலை: பயன்பாட்டில் உள்ளது, பழுதடைந்தது, அகற்றப்பட்டது. மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். படித்த பிறகுதான் ஏன் சத்தமாகப் படித்தோம் என்றிருந்தது அவளுக்கு.

ஜைனி ஒரு பக்க உதட்டால் சிரித்தார். "பழுது... போடு."

"சும்மா இருங்க" என்றாள் ரோதியா. அவருடைய இடது கையை எடுத்து, சுட்டுவிரலைப் பிடித்து, பயன்பாட்டில் உள்ளது என்ற இடத்தில் வைத்து அழுத்தினாள்.