கடலைக்குத் தண்ணீர் வைக்கும் முன்

பண்டாரவளை அலுவலகத்தில் காலைக் கூட்டம் தொடங்கவிருந்த வேளையில் சரோஜாவின் அழைப்பு வந்தது. வெலிமடையில் நெல் வயலொன்றைக் குத்தகைக்கு எடுத்து, இந்தப் போகத்தில் முதன்முறையாகக் கொண்டைக்கடலை விதைத்திருப்பவர் அவர்.

“சேர், மாரிமுத்து சேர் போயிட்டாருங்க. விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தவரு, அப்படியே...” என்றவர் சற்று நேரம் அழுதார். பின்னர் தயங்கித் தயங்கி, “இத இப்ப கேக்கக் கூடாதுதான். நான் சொல்ற வரைக்கும் வாய்க்கால திறக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. இனி யாருங்க சேர் சொல்லுவா?” என்றார்.

எங்கள் சக விவசாயப் போதனாசிரியர் மாரிமுத்துவின் மறைவு எனக்கு இவ்வாறே, உடனடியாகப் பதில் சொல்லவேண்டிய ஒரு கேள்வியோடு அறிவிக்கப்பட்டது. அவரை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

அவர் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்; நான் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவன். பல ஆண்டுகள் ஒரே மேசையின் இரு பக்கங்களில் அமர்ந்திருந்தோம். களைநாசினிப் போத்தலின் லேபலை ஓரெழுத்தும் விடாமல் விவசாயிகளுக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். “லேபல் ஐயா வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க” என்று அவர்கள் முன்னிலையிலேயே கேலி செய்வார். “சட்டம் எண்டால் சட்டந்தான் அண்ணை” என்பேன். “நான் இல்லேன்னா சொன்னேன்? வாசிங்க, வாசிங்க. பாதிப் பேரு தூங்கட்டும், மீதிப் பேருக்கு நான் சொல்லிக்கிறேன்” என்பார். ஆனால், அவரும் லேபலை மீறியவரல்லர். கையுறையில்லாத எவரையும் மருந்து தெளிக்கும் டேங்க்கைத் தொட அவர் விட்டதில்லை.

கடலை மெதுவாக வளரும் பயிர். அது முளைத்தபின் கூடவே அகன்ற இலைக் களைகளும் எழுந்துவிட்டால், அவற்றை மட்டும் தேர்ந்து கொல்லும் மருந்து எம் கையில் இல்லை. ஒருமுறை ஒரு விவசாயி, களை முழங்காலளவு நின்ற வயலிலிருந்து நேரே வந்து, என்ன அடிக்கலாம் என்று கேட்டார். மாரிமுத்து அவரை அமரச் செய்து, தேநீர் வரவழைத்துக் கொடுத்த பிறகு கேட்டார்: “இப்ப அடிச்சா களையும் சாகும், கடலையும் சாகும். ரெண்டுல நீங்க எத வெதச்சீங்க?” அந்த மனிதர் சிரித்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் அவருடைய வயலில் குனிந்து களை பிடுங்கியவர்களுள் மாரிமுத்துவும் ஒருவர்.

அதனால்தான் சரோஜாவின் வயலில், விதைத்தவுடன், முளைப்பதற்கு முன் அடிக்கும் மருந்தை அவரே நின்று தெளிப்பித்தார். “மருந்து அடிச்சதோட வேல முடியல. தண்ணிதான் மீதி மருந்து” என்பது அவர் அடிக்கடி சொல்வது. சில நாள்களுக்குள் மண்ணில் ஈரம் சேராவிட்டால் அந்த மருந்து பயனற்றுப்போகும். ஆனால் சரோஜா சால் பிடித்து, அந்தப் பள்ளங்களுக்குள் விதைத்திருந்தார். வாய்க்காலைத் திறந்துவிட்டால், மருந்து படிந்த மேல்மண் கரைந்து சாலுக்குள் இறங்கி விதைமீதே குவியும், முளை கருகும். மாரிமுத்து ஏன் தடுத்தார் என்பது எனக்கு விளங்கியது. மாற்றாக என்ன வைத்திருந்தார் என்பது விளங்கவில்லை.

“பொறுங்கோ சரோஜா, மடையில கை வைக்காதேங்கோ. செத்தவீட்டில சந்திப்பம்” என்றேன்.

ஸ்பிரிங்வெளியில் மாரிமுத்துவின் வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. அவருடைய மனைவி பாக்கியம் அக்கா எங்களைக் கண்டதும் சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகைக்கு நடுவே அவர் கேட்ட முதற் கேள்வி இது: “கடலைக்குத் தண்ணி வச்சாச்சா?”

சரோஜா இல்லையென்று தலையசைத்தார். அக்கா வீட்டின் பின்புறத்தைக் காட்டினார். அங்கே ஸ்பிரிங்ளர் குழாய்கள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேல் யாரோ குடையைத் தொங்கவிட்டிருந்தனர். “நேத்துதான் தெரிஞ்சவுங்ககிட்ட இரவல் வாங்கிட்டு வந்தாரு. வாய்க்காத் தண்ணி ஆகாது, மழத் தூத்தல் மாதிரி விழணும்னாரு.”

அவர் வைத்திருந்த மாற்று இதுதான். ஆனால் சரோஜா பின்வாங்கினார். “சாவு வீட்டுச் சாமான எப்படிங்கக்கா வெளிய எடுக்குறது? கருமாதி முடியட்டும்.”

கருமாதி வரை அந்த மருந்து காத்திராது. அதைச் சாவு வீட்டில் சொல்லும் வழி எந்த லேபலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. பாக்கியம் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எடுத்துட்டுப் போ புள்ள. கருமாதின்னு சொல்லி அந்த மனுசன் அடிச்ச மருந்த வீணாக்குனா, எந்திரிச்சு வந்து என்னையத்தான் திட்டுவாரு.” சுற்றியிருந்த பெண்களில் இருவர் அழுதுகொண்டே சிரித்தார்கள். குடையை அக்காவே எடுத்து அப்பால் வைத்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, காற்று எழுமுன், வெலிமடையில் குழாய்களைப் பொருத்தினோம். தண்ணீர் மெல்லத் தூறலாய் விழுந்தது. சால்களில் ஓரிடத்திலும் தேங்கவில்லை. மேல்மண் கறுத்து நனைந்ததும் நிறுத்தினோம்.

அதன்பின் நான் நிம்மதியாக உறங்கவில்லை. சரோஜா மீண்டும் அழைத்த காலையில்தான் அந்த நிம்மதி வந்தது. “சேர், மொளச்சிருச்சு! வரிசையா நிக்குது. ஒண்ணுகூட கருகல.” அன்று மாலை போய்ப் பார்த்தேன். கடலை இலைகளுக்கிடையே அங்குமிங்கும் சில களைகளே தலைகாட்டின; ஒருவர் நடந்துகொண்டே பிடுங்கிவிடலாம். வரப்பில் அமர்ந்தேன். மாரிமுத்து மறைந்தபின் எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். அது துயரத்தால் மட்டும் வந்ததன்று.

குழாய்களை உரியவரிடம் சேர்ப்பித்துவிட்டோம். மாரிமுத்துவின் கதிரையில் புதியவர் அமர்ந்துவிட்டார். நான் இன்னும் லேபலை முழுதாகவே வாசிக்கிறேன். வாசித்து முடித்ததும், அதில் இல்லாத ஒரு கேள்வியையும் கேட்கிறேன்: “சரிங்க, தண்ணி எப்படி வைக்கப் போறீங்க?” அதை மட்டும் மாரிமுத்துவின் பேச்சிலேயே கேட்கிறேன். என் யாழ்ப்பாணப் பேச்சில் கேட்டுப் பார்த்தேன், அது சரிவரவில்லை.