புள்ளிக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

தம்தாவுக்கு என்ன வேலை என்று சகோராவி கிராமத்தில் யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. தலைநகர் திபிலிசியில், கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் உட்கார்ந்து உலக வரைபடத்தைத் திருத்துகிறாள் என்று அவள் அப்பா முர்மான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"உலகத்தையே திருத்துறாளா? எங்க வாசல்ல இருக்குற குழிய முதல்ல மூடச் சொல்லு" என்பார் மாடு மேய்க்கும் நுக்சார்.

உண்மையில் அவள் எதையும் வரைவதில்லை. கடை இடம் மாறிவிட்டது, பாலம் உடைந்துவிட்டது என்று சனங்கள் போனிலிருந்து அனுப்பும் திருத்தங்கள் அவள் திரைக்கு வரும். ஏற்பதா, நிராகரிப்பதா என்று அழுத்த வேண்டும். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. எல்லையைப் பற்றி எந்தத் திருத்தம் வந்தாலும் யோசிக்கவே வேண்டாம். "எல்லைன்னு கண்ணுல பட்டா ரெண்டு செகண்ட். நிராகரி, அடுத்ததுக்குப் போ" என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தான் மேற்பார்வையாளன் பெசிக். எல்லையை முடிவு செய்வது கடல் தாண்டி இருக்கும் வேறு ஆட்கள்.

அந்த ஆட்கள் அவள் ஊருக்கு மூன்று கோடுகள் போட்டு வைத்திருந்தார்கள். இந்த நாட்டிலிருந்து பார்த்தால் கோடே கிடையாது, மலை முழுக்க நம்முடையது. வடக்கே இருக்கும் நாட்டிலிருந்து பார்த்தால் அழுத்தமான ஒரே கோடு. மற்ற நாட்டுக்காரர்களுக்குப் புள்ளிக்கோடு. மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்க்க அலுவலகத் திரையில் வழி இருந்தது. அதைப் பார்க்கத் தெரிந்தவள் ஊரிலேயே தான் ஒருத்திதான் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் அவள்தான்.

வடக்கு நாட்டோடு நடந்த போருக்குப் பிறகு மலைக்கு அந்தப் பக்கத்துக் காவலர்கள் ஊருக்கு மேலே, எல்லை என்று எழுதிய பச்சைப் பலகைகளை நட்டார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே வேலி கிடையாது. வெறும் புல், முள்செடி. அங்கே எதுவரை நம்முடையது என்பதை மாடுகளையும் நுக்சாரையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தம்தாவின் அம்மாவைப் புதைத்த கல்லறைத் தோட்டம் அப்படியொரு இடைவெளியில் இருந்தது.

அந்த வருடம் ஈஸ்டருக்கு அவளுக்கு விடுமுறை இல்லை. கடல் தாண்டிய கம்பெனிக்காரர்களின் ஈஸ்டர் வேறு தேதியில் வந்து போயிருந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை, ஊரே கல்லறைக்குப் போகும் நாள். அப்பா ஆப்பிள் தோப்பிலிருந்து போன் செய்தார்.

"முட்டைக்குச் சாயம் போட்டாச்சும்மா. ஒயினும் எடுத்துக்கிட்டேன். இந்த நுக்சார்தான் போகாதேங்குறான். பலகைய இன்னும் கீழ எறக்கி நட்டுட்டானுங்களாம்."

"நுக்சார் மாமா பாத்தாராமா?"

பின்னால் நுக்சாரின் குரல் கேட்டது. "நான் பாக்கல. இத்தன நாள் பனியில மூடிக் கெடந்துச்சு, பலகை எங்க நிக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? என் மாடு அந்தப் பக்கம் போக மாட்டேங்குது, முர்மான். மாட்டுக்குப் படிப்பு இல்ல, ஆனா பயம் இருக்கு."

தம்தா புள்ளிக்கோட்டைத் திரையில் விரித்துப் பார்த்தாள். யார் பக்கமும் சேராத கோடு அது. பொய் சொல்லாது என்று நினைத்தாள். கல்லறைத் தோட்டம் அதற்கு இந்தப் பக்கம், அறுபது அடி தள்ளி இருந்தது.

"போயிட்டு வாங்கப்பா. நம்ம பக்கந்தான்."

"கேட்டியா? மேலேருந்து பாத்துச் சொல்றா" என்று அப்பா நுக்சாரிடம் சொல்வது கேட்டது.

"ஆமாமா, கடவுளுக்கு ஒரு பொண்ணு கூடிப்போச்சு."

மதியம் நுக்சாரே கூப்பிட்டார். அவர் குரலில் கேலி இல்லை. கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறக்கும்போதே நான்கு காவலர்கள் வந்து முர்மானைக் கூட்டிப் போய்விட்டார்கள். வழக்கப்படி கல்லறைமேல் உருட்ட வைத்திருந்த சிவப்பு முட்டைகள் புல்லில் கிடக்கின்றனவாம். எடுக்கப் போக யாருக்கும் துணிச்சல் இல்லை.

ஆறு நாள். அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுப்பார்களா, அடிப்பார்களா, எப்போது விடுவார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மூன்றாம் நாள் தம்தா அலுவலகத்தில் பழைய பதிவுகளைத் துழாவினாள். கம்பெனியின் தவறு என்று காட்ட ஏதாவது கிடைக்காதா என்றுதான் தேடினாள். கிடைத்தது. மார்ச் மாதத்தில் ஒரு திருத்தம்: "கல்லறைத் தோட்டத்துக்குக் கீழே பச்சைப் பலகை தெரியுது. எல்லை மாறிடுச்சு. சனங்களுக்குச் சொல்லுங்க." அனுப்பியவர் பெயர் இல்லை. நிராகரித்தவரின் எண் மட்டும் இருந்தது. அது அவளுடைய எண். எடுத்துக்கொண்ட நேரம், இரண்டு நொடி.

அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்றாள். வரவில்லை. மறக்கக்கூட அங்கே ஒன்றும் இருந்திருக்கவில்லை.

சனிக்கிழமை அப்பாவை விட்டார்கள். முகம் சிறுத்துப்போயிருந்தது. அடிக்கவில்லை என்றார், அதை இரண்டு தரம் சொன்னார். ஜன்னலோரத்தில் ஈஸ்டருக்காகத் தட்டில் முளைக்கவிட்ட கோதுமைப் பயிர் மஞ்சளாகச் சாய்ந்துகிடந்தது. மேசையைச் சுற்றி அப்பா, நுக்சார், ஊருக்கு வந்திருந்த அவள்.

"அந்தப் படம் பொய் சொல்லிடுச்சு. நீ என்னம்மா பண்ணுவ" என்றார் அப்பா.

"பாதிரியார் வீட்டுப் பையன் பனி கரையுறப்பவே பாத்திருக்கான்" என்றார் நுக்சார். "போன்ல எழுதிப் போட்டேன், மேல இருக்குறவங்க பாத்துக்குவாங்கன்னு இருந்துட்டானாம். நேத்துதான் சொல்றான். மேல எவன் இருக்கான், கேக்குறதுக்கு?"

தம்தா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான்தான் இருந்தேன், மாமா. எங்கிட்டதான் வந்துச்சு. தள்ளி விட்டுட்டேன்."

அப்பா அவளையே பார்த்தார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"படிச்சுப் பாத்தியாம்மா?"

"இல்லப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பயிர்த்தட்டை எடுத்துக்கொண்டு போய் முற்றத்துக் கோழிகளுக்குக் கொட்டினார். அம்மாவின் கல்லறையைப் பற்றி அதற்குப் பிறகு அவளிடம் அவர் பேசியதில்லை.

தம்தா இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறாள். எல்லையைப் பற்றி வரும் ஒவ்வொன்றையும் கடைசி எழுத்துவரை படிக்கிறாள். கிணறு அந்தப் பக்கம் போய்விட்டது, தங்கை வீட்டுக்கு வழி இல்லை, இங்கே கோடு போட்டது யார். படித்து முடித்ததும் அவள் அழுத்துவது அதே பொத்தானைத்தான்.

"உன் கணக்கு கொறஞ்சுக்கிட்டே போகுது தம்தா, எங்க நேரம் போகுது?" என்று போன வாரம் பெசிக் கேட்டான்.

"படிக்கிறேன்" என்றாள்.

"அதுல படிக்க என்ன இருக்கு?" என்றான் அவன்.