கைக்கெட்டும் தூரம்

உலகப் போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சேன் பியேர் பக்கத்துத் தோட்டமொன்றில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது, காய்ந்த தோகையின் நுனி என் இடது கண்ணில் குத்தியது. ஒரு மாதத்தில் புண் ஆறியது. பார்வை திரும்பவில்லை. கருவிழியில் கடுகளவு வெள்ளை விழுந்திருந்தது. அதுவும் கிட்டே வந்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

வலது கண் நன்றாகவே தெரிந்தது. நிறத்தில் குறையில்லை. ஆனால் எது முன்னால், எது பின்னால் என்பது போய்விட்டது. தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினேன்.

"காலையிலேயே குடிச்சிட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

மலை மங்கிய நீலமாக இருந்ததால் அது தொலைவு என்று புரிந்தது. கைக்கெட்டும் கரும்புகளோ எல்லாமே ஒரே பச்சை. சுவரில் வரைந்து வைத்ததுபோல் நின்றன. கத்தியை ஓங்கினால் ஒன்று காற்றை வெட்டும், இல்லையென்றால் கல்லில் மோதும்.

எங்களை வேலை வாங்கிய சர்தாரிடம் சொன்னேன். அவர் என் முகவாயைத் தூக்கிப் பார்த்தார்.

"தோ லிசியே போன்," என்றார் தீவின் கிரியோல் பேச்சில். உன் கண் நல்லாத்தான் இருக்கு என்று அர்த்தம். "டாக்டர் தாள் கொண்டா, பார்க்கலாம்."

டாக்டர் சுவரில் எழுத்து அட்டையை மாட்டினார். வலது கண்ணால் கடைசி வரிவரை வாசித்தேன். ஒரு கண் தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, நிறம் தெரிகிறதா என்று பார்க்க வண்ண நூலிழைகளை நீட்டினார். ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் வழக்கை நானே கெடுத்துக்கொள்கிறேன் என்று எரிச்சலாக வந்தது.

"ஐயா, ஒரு கண்ணை மூடிக்கிட்டு உங்க பேனாவுக்கு மூடியைப் போடுங்க," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். மூடி பேனாவைத் தாண்டிப் போனது. இரண்டாம் முறையும் தவறியது. மூன்றாவதில்தான் பொருந்தியது.

"நீ சொல்றது உண்மைதான்," என்றார். "ஆனா இந்தத் தாள்ல அதை எழுத இடமில்லை." அதே பேனாவால் 'வேலைக்குத் தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வயலுக்குத் திரும்பினேன். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தால் கிட்ட இருப்பது அதிகமாக நகரும், தொலைவில் இருப்பது குறைவாக நகரும் என்று நானே கண்டுபிடித்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் தலையை ஆட்டினேன். வரிசையில் நின்றவர்கள் கோழி என்று பெயர் வைத்தார்கள். வேகம் போதவில்லை என்று சர்தார் கத்தினார். ஒரு நாள் தலையாட்டாமல் வெட்டினேன். கத்தி என் கணுக்காலில் இறங்கியது.

அன்று யாரும் தாள் கேட்கவில்லை. ரத்தம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கால் ஆறியதும் என்னை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றினார்கள். கால் ஊனம் என்றுதான் காரணம் சொன்னார்கள். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.