லைன் விடாமல் பார்த்துக்கொள்ளும் சோலி

மெயின்ஃப்ரேம் என்கிற ராட்சசக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் பார்க்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. எல்லாம் ஓடும்போது நாம் இருப்பதே யாருக்கும் தெரியாது. நெட்வொர்க் நின்றால் மட்டும் நம் பெயர் எல்லார் வாயிலும் வரும். இதே அவஸ்தையில் இருக்கிறவர்கள் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள்.

ஊருக்கு வந்தது

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. அம்மா இல்லை, நான் ஒரே பிள்ளை. சென்னையில் ஒரு பாங்கின் மெயின்ஃப்ரேமைப் பார்த்துக்கொண்டிருந்தவள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போடிக்கு வந்துவிட்டேன். வீட்டிலிருந்து வேலை பார்க்க மேனேஜர் அரை மனதோடுதான் சம்மதித்தார்.

"உன்னால லைன் ஒரு தடவை நின்னாலும் மறுநாளே சென்னைக்கு வந்துடணும்மா."

மூன்று எண்

சென்னைக்குப் போனால் அப்பாவை யார் தூக்கி உட்காரவைப்பது? அந்தப் பயத்திலேயே ஒவ்வொரு கட்டளையையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் தட்டுவேன்.

ஒருநாள் பாங்குக்காரர் ஒருவர் புது சர்வரில் நெட்வொர்க் வரவில்லை என்று கூப்பிட்டார். கேபிளை மாற்றினாராம், சுவிட்சை மாற்றினாராம். மாற்றாதது அவர் சட்டை ஒன்றுதான். "சார், நம்ம மெஷின்ல ஒரு நெட்வொர்க் கார்டுக்கு மூணு எண் வேணும். வாங்க ஒண்ணு, அனுப்ப ஒண்ணு, டேட்டாவுக்கு ஒண்ணு. நீங்க ரெண்டுதான் குடுத்திருக்கீங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்த அப்பா, வாரக்கணக்காக ஒற்றை வார்த்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தவர், குழறிக் குழறி ஒரு முழு வாக்கியம் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எல்லாரும் ஏறாம தோட்டத்து ஜீப்பு எடுக்க மாட்டான் ஆத்தா."

நானே அணைத்தது

பயந்தது நடந்தது. ஒரு மத்தியானம், பழைய கார்டை அணைக்க வேண்டியவள், நான் எந்தக் கார்டு வழியாக உள்ளே போயிருந்தேனோ அதையே அணைத்துவிட்டேன். திரை உறைந்துவிட்டது. பாங்கு லைனும் போச்சு. அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு சென்னைக்குப் போன் போட்டேன்.

இனி ஒரே வழி, மெஷின் ரூமில் மெஷினோடு நேரடியாக இணைந்திருக்கிற திரையும் கீபோர்டுமான கன்சோல். அங்கே டூட்டியில் இருப்பவர் செல்வம் அண்ணன். "சைபர், ஆறு, சைபர், சைபர்... வெரசா தட்டுங்கண்ணே" என்று கார்டை எழுப்பும் கட்டளையை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா நாற்காலியிலிருந்து சரிந்தார். "ஐயோ அப்பா!" என்று நான் கத்தியது அண்ணனுக்கும் கேட்டிருக்கிறது.

"மொதல்ல அப்பாவைப் புடிங்க தங்கச்சி, சர்வர் எங்கயும் விழுந்துறாது."

மறுநாள் மீட்டிங்

அப்பாவுக்கு அடி இல்லை. லைனும் திரும்ப வந்தது. ஆனால் மேனேஜர் சொன்ன நிபந்தனை முறிந்துவிட்டதே! தப்பு என்னுடையதுதான் என்று வீடியோ மீட்டிங்கில் சொல்லிவிட்டேன். "சென்னையில இருந்திருந்தா இவ்வளவு நேரம் ஆயிருக்குமா?" என்று மேனேஜர் கேட்டார். மீட்டிங்கில் வாயே திறக்காத செல்வம் அண்ணன்தான் திறந்தார்.

"ஆயிருக்கும் சார். அந்தக் கார்டு போச்சுன்னா கன்சோல்ல நான்தான் தட்டணும். எங்க ரூமுக்குள்ள வேற யாரையும் விடமாட்டாங்க. அவங்க பக்கத்து ரூம்ல இருந்தாலும் போன்லதான் சொல்லணும். அது போடியில இருந்து சொன்னா என்ன சார்?"

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"சரிம்மா, அங்கயே இரு. அப்பாவை நல்லா பாத்துக்க."

நம் பொழப்பில் தப்பு எங்கே நிற்கப்போகிறது, ஆனால் இனிமேல் நான் செய்கிற தப்பெல்லாம் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான்.