கடைசி இருபது நிமிடம்

திரையரங்கில் அவளை எல்லோரும் டார்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக, இருட்டில் தடுமாறி வருகிறவர்களை இருக்கையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறாள். படத்தைத் துண்டு துண்டாகத்தான் பார்ப்பாள்; பார்க்கிற ஜனத்தை முழுசாகப் பார்ப்பாள். யார் எப்போது போனை எடுக்கிறார், எந்தக் காட்சியில் குழந்தைகள் எழுந்து ஓடுகின்றன, எல்லாம் மனப்பாடம். "நல்ல சீன் ஓடுறப்ப எந்தப் பிள்ளைக்கும் ஒண்ணுக்கு வராது" என்பது அவள் கண்ட சாஸ்திரம்.

அடுத்த காட்சிக்கு டிக்கெட்டோடு நிற்பவர்கள் அவளைத்தான் கேட்பார்கள். நல்லது ஒன்று, கெட்டது ஒன்று, பளிச்சென்று சொல்லிவிடுவாள்.

அந்த வாரம் ஒரு தேவதைக் கதைப் படம். இளவரசி லிஃப்ட் பழுதுபார்க்கிறாள். சூனியக்காரி பதினாலாவது மாடியில் குடியிருக்கிறாள்.

"முதல் பாதி தங்கம்! லிஃப்டுக்குள்ள காடு முளைக்குது பாருங்க, அப்ப உள்ள ஒரு பாப்கார்ன் பொட்டலம்கூட சரசரக்கல. அந்தக் கிழவி சிரிச்சா பெரியவங்களே பக்கத்து ஆள் கையைப் பிடிச்சுக்கிறாங்க. கடைசி இருபது நிமிஷம்தான் சொதப்பல். திடீர்னு அந்தக் கிழவி நல்லவளாயிடுறா. ஏன்னு கேட்டா பதில் கிடையாது, மைக் பிடிச்ச மாதிரி பேசிக்கிட்டே இருக்கா. பிள்ளைங்க பாத்ரூமுக்கு வரிசை கட்டுதுங்க."

வரிசையில் அந்தப் படத்தின் விநியோகஸ்தர் நின்றிருந்தது அவளுக்குத் தெரியாது. மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

"யாரு கேட்டாலும் சூப்பர்னு சொல்லு. ஒரு வார்த்தை. வாய் வலிக்குமா?"

"பாதிப் படத்துக்குச் சொல்றேன் சார்."

"அப்ப நாளையிலேருந்து வண்டி நிறுத்துற இடத்துல நில்லு. கொடியும் விசிலும் தர்றேன். வெயில்ல நின்னா புத்தி வரும்."

லாரி மெக்கானிக்கான அவள் கணவன், மாலையில் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்தபடி கேட்டான்: "முட்டிவலிக்காரி, வெயில்ல நிப்பியா? ஒரு பொய் சொன்னா குடியா முழுகிடும்?"

"அதுங்க முகத்தை நான் பார்த்தேங்க. பயந்து உட்கார்ந்திருந்த பிள்ளைங்கள ஏமாத்திட்டாங்க. அதை எப்படி மாத்திச் சொல்றது?"

"உன் வாயை யாராலும் அடக்க முடியாது."

"தெரிஞ்சேதானே கட்டிக்கிட்டீங்க?"

மறுநாள் கொடியோடு நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. இருட்டும் முகங்களும் இல்லாமல், டார்ச் பிடித்துப் பழகிய விரல்கள்கூட அந்நியமாக இருந்தன. ஒரு சொல் சொன்னால் உள்ளே போகலாம். சொல்ல மனம் வரவில்லை.

முதல் கார் நின்றது. பின்சீட்டில் இரண்டு வாண்டுகள். "அக்கா, நீங்க இங்கயா?" என்று அவர்களின் அம்மா தலையை நீட்டினாள். "படம் எப்படி?"

அதே பதிலைச் சொன்னாள். ஒரு வித்தியாசம்: வாசலில் கேட்டவர்கள் டிக்கெட் வாங்கியிருந்தார்கள், இவர்கள் வாங்கவில்லை. அந்த அம்மா யோசித்து, "காட்டுக்காகப் போறோம்" என்று வண்டியை உள்ளே விட்டாள். அடுத்த கார் அப்படியே திரும்பிப் போயிற்று. அதற்கடுத்தவர் சாவகாசமாக விவரம் கேட்டார். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. சாலை வரைக்கும் வண்டி நின்றது.

மேனேஜர் மாடியிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார். "இங்கயும் ஆரம்பிச்சுட்டியா? வர்ற கூட்டத்தைத் தெருவுலயே கலைக்கிறியே!"

"இடத்தை நீங்கதான் சார் கொடுத்தீங்க."

"உள்ள வா. பழைய வேலைக்கே போ. ஆனா..."

"ஆனா இருந்தா நான் இங்கயே நிக்கிறேன்."

ஹாரன்கள் அலறின. அவர் சாலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆனா இல்ல தாயே, போ!"

கொடியை அவர் கையிலேயே திணித்துவிட்டு நடந்தாள். பின்னால் காரிலிருந்து ஒருவர் அவரிடம் "படம் எப்படி?" என்று கேட்பது காதில் விழுந்தது. அவர் என்ன சொன்னார் என்று அவள் நின்று கேட்கவில்லை. உள்ளே, லிஃப்டுக்குள் காடு முளைக்கிற நேரம்.